எஞ்சின் பிரித்துக் கோத்த ஆர்எக்ஸ் சரியாக ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராம்புரம், ஆஸ்டின் டவுன் என்று நம் பையன்கள் இருக்கிற எந்தத் தெருவிலும் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நிற்கும், அதுவும் பெரும்பாலும் எஞ்சின் பிரித்துக் கோத்த வண்டியாகத்தான் இருக்கும். 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டிக்கு, உதிரி பாகக் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டில் இன்னும் பிஸ்டன் தேடி அலைகிறார்கள். வேலை முடிந்து வண்டி வெளியே வந்த பிறகு கேட்கிற சந்தேகங்கள் மட்டும் ஆள் மாறினாலும் மாறுவதே இல்லை, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டு வைத்திருக்கிறேன். பேச்சு முக்கியமாக ஆர்எக்ஸ் 100, 135 பற்றித்தான். காற்றில் குளிரும் மற்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு அளவுகள் மட்டும் மாறும்.

அண்ணா, எஞ்சின் வேலை முடிஞ்சு வண்டி வந்திருக்கு. ஆனா முன்னாடி இருந்ததை விட மோசமா ஓடுது. முதல்ல எதைப் பார்க்கணும்?

கார்ப்ரேட்டரில் கை வைக்காதீர்கள். எல்லோரும் முதலில் தொடுவது அதைத்தான், ஏனென்றால் ஸ்க்ரூடிரைவர் எளிதாக நுழைகிற இடம் அது ஒன்றுதான். பிரிப்பதற்கு முன் அதே கார்ப்ரேட்டரில் வண்டி ஒழுங்காக ஓடியது என்றால், ஷெட்டில் சும்மா கிடந்த நாட்களில் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. மிஞ்சிப் போனால் பெட்ரோல் காய்ந்து ஜெட் (பெட்ரோல் வருகிற குட்டித் துளை) அடைத்திருக்கும், கழற்றி ஊதினால் தீர்ந்தது. சந்தேகப்பட வேண்டியது பிரித்துக் கோத்த இடங்களை.

முதலில் ஏர் லீக் (கார்ப்ரேட்டர் வழியாக இல்லாமல் வேறு இடத்தில் காற்று நுழைவது), அடுத்து இக்னிஷன் டைமிங் (பொறி வருகிற நேரம்), கடைசியில்தான் கார்ப்ரேட்டர். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்றால், எங்கேயோ காற்று ஒழுகுகிற எஞ்சினுக்குப் பெரிய ஜெட் போட்டு அதிகப் பெட்ரோல் ஊற்றி ஒப்பேற்றி விடுவீர்கள், வண்டியும் கொஞ்ச நாள் ஓடும், லீக் இன்னும் கொஞ்சம் பெரிதாகிற அன்றைக்கு பிஸ்டன் போய்விடும். எதையெல்லாம் மாற்றினார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பேக்கிங், சீல் உட்பட. சரிபார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கிக்கர் உதைச்சு உதைச்சு கால் போச்சு, ஸ்டார்ட்டே ஆகல ப்ரோ.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் பிரச்சினை. காய்ந்திருந்தால் பெட்ரோலே மேலே வரவில்லை. பிளக்கை ஒயரில் மாட்டி, ஓட்டையிலிருந்து தள்ளி ஹெட்டின் ஃபின் மேல் வைத்து உதைத்தால் நீலமாகப் பளிச்சென்று பொறி வரவேண்டும், ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக வந்தால் பாயின்ட் (பொறிக்கான மின்சாரத்தைச் சரியான நேரத்தில் துண்டிக்கிற சுவிட்ச்), கன்டன்சர், காயில் மூன்றையும் பார்க்கவேண்டும். பாயின்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் எஞ்சின் ஆஃப் ஒயர் எங்காவது பாடியில் உரசுகிறதா என்று பாருங்கள், எஞ்சினைத் திரும்ப ஏற்றும்போது ஒயர் நசுங்குவது ரொம்ப சகஜம்.

திரும்பத் திரும்ப உதைத்ததில் கீழே கிராங்க் கேஸ் முழுக்கப் பெட்ரோல் தேங்கியிருக்கலாம். பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, பிளக் ஒயரைத் தள்ளி வைத்து பாடியில் எர்த் செய்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து நன்றாக உதைத்து வெளியேற்றுங்கள். மேக்னெட்டை (கிராங்க்கோடு சுற்றி மின்சாரம் தருகிற சக்கரம்) கிராங்க்கில் பிடித்து வைக்கிற குட்டிச் சாவி நசுங்கியிருந்தாலும் பொறி வரும், ஆனால் தப்பான நேரத்தில் வரும். உதைக்கும்போது கிக்கர் காலைத் திருப்பி அடித்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் இறங்க மாட்டேங்குது. ஊய்ங்குனு கத்திட்டே இருக்கு.

முதலில் ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது சத்தம் ஏறி இறங்கினால் கேபிள் இறுக்கம், அதோடு முடிந்தது. அப்படி இல்லையென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு ஏர் லீக். எஞ்சின் கேட்காத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது, கலவை லீன் ஆகிறது (காற்று கூடி பெட்ரோலின் பங்கு குறைகிறது), ஆர்பிஎம் தொங்குகிறது.

ஒழுகக்கூடிய இடங்கள்: கார்ப்ரேட்டருக்கும் ரீட் வால்வுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் மேனிஃபோல்டு (வளைத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும்), ரீட் பிளாக் பேக்கிங், பேரலுக்கு (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர்) அடியில் இருக்கிற பேக்கிங், இரண்டு கேஸும் சேருகிற கோடு, அப்புறம் மேக்னெட் பக்கத்து ஆயில் சீல். கடைசியில் சொன்னதுதான் பெரிய திருடன். வெளியில் ஒன்றும் தெரியாது, புது சீல் என்றும் சொல்வார்கள், ஆனால் சுத்தியால் அடித்து ஏற்றியதில் அதன் உதடு மடிந்திருக்கும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டாமல் அதன் மேலேயே பசையை அப்பிக் கோத்துவிடுவதும் நடக்கிறது. அது சில நாள் தாங்கும், எஞ்சின் சூடாகி ஆறி சூடாகி ஆறியதும் விட்டுவிடும்.

ஏர் லீக் இருக்குன்னு சந்தேகம். வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பெரிய கருவியும் தேவையில்லை. சைலன்ஸரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து அடையுங்கள். கார்ப்ரேட்டரைக் கழற்றி மேனிஃபோல்டில் ஒரு ரப்பர் கார்க் அடித்து அதில் சின்ன டியூப் விடுங்கள். டியூபின் மறுமுனையில் பிளட் பிரஷர் பார்க்கிற கருவியின் பந்தும் மீட்டரும். மீட்டரில் 260 வரும்வரை அமுக்குங்கள், அது ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ. 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு போகிற ஆயில்) பம்பிலிருந்து வருகிற சின்ன டியூபையும் மறக்காமல் அடைக்கவேண்டும். பிஸ்டன் கீழே இருக்கட்டும், அப்போதுதான் போர்ட்டுகள் (பேரல் சுவரில் இருக்கிற வாசல்கள்) திறந்து மேலும் கீழும் ஒன்றாகச் சோதிக்கப்படும்.

நல்ல எஞ்சின் பல நிமிடம் தாங்கும். நிமிடத்துக்கு 50க்கு மேல் மீட்டர் இறங்கினால் லீக் இருக்கிறது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள், நுரை வருகிற இடம்தான் குற்றவாளி. மேக்னெட்டைக் கழற்றி அந்த சீலின் மேலும் தடவுங்கள். வெளியில் எங்கேயும் நுரை இல்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் கிளட்ச் பக்கத்து சீல். கியர் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அதில் ஒரு டியூபை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்க்கலாம். கம்ப்ரஸர் ஹோஸை மட்டும் மாட்டிவிடாதீர்கள், 10 பிஎஸ்ஐ தாண்டினால் நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

ஓடுகிற எஞ்சின் மேல் பெட்ரோலைத் தெளித்து, சத்தம் மாறுகிறதா என்று பார்க்கிற பழக்கம் பல ஷெட்டில் உண்டு. பிளக் ஒயர் லீக் இருந்தால் வண்டியோடு சேர்ந்து நீங்களும் எரிவீர்கள். வேண்டாம்.

வெள்ளைப் புகையா தள்ளுது, பின்னாடி வர்றவன் திட்டுறான். புது ரிங்குதானே போட்டோம்?

டூ ஸ்ட்ரோக்கில் புகைக்கும் ரிங்குக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருக்கிற அளவு சம்பந்தம் இல்லை. கோக்கும்போது தடவிய ஆயில், சைலன்ஸருக்குள் பல வருடமாக ஊறிக் கிடக்கிற ஆயில் இரண்டும் எரிந்து தீரும்வரை புகை வரும், பயப்பட வேண்டாம். பம்பும் வேலை செய்து, டேங்க்கிலும் ஆயில் கலந்திருந்தால் இன்னும் கூடுதலாக வரும்.

சில நாள் ஓட்டியும் நிற்கவில்லை, பிளக் அடிக்கடி ஈரமாகிச் சாகிறது என்றால் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால், வெளியில் சொட்டும் இல்லை என்றால், கிளட்ச் பக்கத்து சீல் வழியாக எஞ்சின் அதைக் குடிக்கிறது. வாசனையும் காட்டிக்கொடுக்கும், 2டி ஆயில் புகைக்கு இல்லாத ஒரு காரமான நாற்றம். ஆக, மேக்னெட் பக்கத்து சீல் போனால் லீன், கிளட்ச் பக்கத்து சீல் போனால் புகை.

புது பிஸ்டன் போட்டு வந்து, ரோட்டுல போறப்போ திடீர்னு ஜாம் ஆயிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு உதைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆச்சு. லேத்துக்காரர் போரை டைட்டா அடிச்சிட்டாரா?

அடித்திருக்கலாம், ஆனால் அவரைத் திட்டுவதற்கு முன் பேரலைக் கழற்றி பிஸ்டனைப் பாருங்கள், காரணத்தை அதுவே எழுதி வைத்திருக்கும். நான்கு மூலையிலும் கோடு கோடாக உரசியிருந்தால் பிஸ்டனுக்கும் போருக்கும் (பேரலின் உள் துளை) நடுவில் இடைவெளி போதவில்லை, இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகும் முன்னாலேயே விரட்டியிருக்கிறீர்கள்: பிஸ்டன் சீக்கிரம் விரிந்துவிட்டது, பேரல் இன்னும் விரியவில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசல் என்றால் சூடு, அதாவது லீன் கலவை அல்லது டைமிங், போரில் தப்பு இல்லை. இன்டேக் பக்கம் உரசியிருந்தால் ஆயில் பற்றவில்லை. பிஸ்டன் தலையின் ஓரம் எலி கடித்த மாதிரி அரித்திருந்தால் அது நாக்கிங், கீழே ஹெட் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

போர் விஷயத்தில் எல்லோரும் செய்கிற வேலை, பேரலை மட்டும் லேத்துக்கு அனுப்பி "0.50 அடிச்சு வைங்க" என்று சொல்லிவிடுவது. 0.50 என்பது பிஸ்டன் எத்தனை மி.மீ. பெரிது என்று பெட்டியில் அச்சடித்த எண், உள்ளே இருக்கிற பிஸ்டன் அதற்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். பிஸ்டனையும் சேர்த்துக் கொடுத்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு மேல் 0.04 முதல் 0.05 மி.மீ. இடைவெளி வருகிற மாதிரி போர் செய்யச் சொல்லவேண்டும். கடைசி நூலளவு வேலை ஹோனிங்கில் (கல்லால் தேய்த்து எடுப்பது) முடியவேண்டும், லேத் டூலில் அல்ல. ரிங்கை போருக்குள் தனியாகத் தள்ளி வாய் இடைவெளியைப் பாருங்கள், 50 மி.மீ. போருக்கு 0.2 முதல் 0.3 வரை நல்லது. போர்ட் ஓரங்களைக் கூர் மழுக்காமல் விட்டால் ரிங் அதில் சிக்கிப் பிய்ந்துவிடும், இதைக் கேட்டு வாங்காவிட்டால் பல இடத்தில் செய்வதில்லை.

இன்னொன்று, ஆயில் பம்பு. எஞ்சின் பிரித்தால் பம்பின் டியூபில் காற்று புகுந்துவிடும், அதை பிளீடு செய்து எடுக்காமல் ஓட்டினால் எஞ்சினுக்குச் சொட்டு ஆயில்கூடப் போகாது. முதல் டேங்க்குக்கு மட்டும் பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்துகொள்வது நல்லது, கொஞ்சம் புகைந்தால் புகையட்டும்.

பிஸ்டன் அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கணும்?

எக்ஸாஸ்ட் பக்கம். ரிங்கில் எழுத்து இருக்கிற பக்கம் மேலே, ரிங்கின் வாய் பள்ளத்தில் இருக்கிற குட்டி பின்னில் உட்காரணும்.

ரன்னிங்-இன் எப்படி ஓட்டுறது? மெதுவா ஓட்டினா போதுமா?

மெதுவாக என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு டாப் கியரில் முக்கி முக்கி ஓட்டுகிறார்கள், அது விரட்டுவதை விடக் கெடுதல். கியரைக் குறைத்து எஞ்சினை லேசாகச் சுற்றவிடுங்கள், ஆக்சிலேட்டரை ஒரே இடத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்குங்கள். முதல் நாள் சூடாக்கி, முழுசாக ஆறவிட்டு, திரும்ப சூடாக்கி என்று சில முறை செய்துவிட்டு ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை பாருங்கள். சில்க் போர்டு ஜங்ஷன் பக்கம் மட்டும் மாலையில் போகாதீர்கள், காற்றில் குளிர்கிற எஞ்சினுக்குக் காற்றே இல்லாத இடம் அது. ஞாயிறு விடியற்காலையில் கனகபுரா ரோடு நல்லது.

கோன் ஃபில்டர் போட்டேன், சவுண்டு சூப்பர். ஆனா பாதி ஆக்சிலேட்டர்ல தொண்டை அடைக்கிற மாதிரி இழுக்குது.

நீங்கள் கழற்றிப் போட்ட, ஒரிஜினல் ஃபில்டர் இருக்கிற ஏர் பாக்ஸ் சும்மா ஒரு டப்பா இல்லை. எவ்வளவு காற்று, எந்த வேகத்தில் கார்ப்ரேட்டருக்குள் போகவேண்டும் என்று கணக்குப் பார்த்து அதற்கேற்ற ஜெட்டோடு சேர்த்துச் செய்தது. அதை எடுத்துவிட்டால் காற்று கூடுகிறது, பெட்ரோல் அப்படியே இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் சேம்பரும் (நடுவில் உப்பிய ரேஸ் சைலன்ஸர்) சேர்த்து மாட்டியிருந்தால் இன்னும் லீன்.

எந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது என்பதுதான் முக்கியம், எந்த ஸ்பீடில் என்பது அல்ல. ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூடியதிலிருந்து கால் வரைக்கும் முதலில் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், போகப் போக ஸ்லைடின் அடி வெட்டும் பார்த்துக்கொள்ளும். காலிலிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேல்தான் மெயின் ஜெட். உங்களுக்குப் பாதியில் பிரச்சினை, அதனால் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள், நீடில் மேலே ஏறும், கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். மெயின் ஜெட்டை எவ்வளவு மாற்றினாலும் பாதி ஆக்சிலேட்டரில் பெரிதாக ஒன்றும் மாறாது, இது தெரியாமல் ஜெட்டுக்கே காசைக் கொட்டுகிறவர்கள் நிறைய.

என்னைக் கேட்டால் தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு ஒரிஜினல் ஏர் பாக்ஸ்தான். பெங்களூர் தூசிக்கும் மழைக்கும் கோன் ஃபில்டர் தாங்காது.

லீனா ரிச்சான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும்போது பிரச்சினை வருகிற அதே ஆக்சிலேட்டர் நிலையில் சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். இழுவை தேறினால் லீன், இன்னும் மோசமானால் ரிச். காதுக்கும் தெரியும்: ரிச்சாக இருந்தால் ஒன்று விட்டு ஒன்று எரிகிற மாதிரி ப்ரூ ப்ரூ என்று இழுக்கும், லீனாக இருந்தால் சத்தம் மெலிந்து கூர்மையாகி, வேகமாக ஓடுகிற மாதிரி ஏமாற்றிவிட்டுத்தான் ஜாம் ஆகும்.

பிளக் நிறம் பார்ப்பவர்கள் ட்ராஃபிக்கில் ஓட்டி வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள், அதில் தெரிவது ஐடிலிங்கின் நிறம். காலியான ரோட்டில் புது பிளக் போட்டு முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அந்த நிமிடமே எஞ்சினை நிறுத்தி, ஓரமாக உருட்டிப்போய்க் கழற்றிப் பார்க்கவேண்டும். காபிப் பொடி நிறம் நல்லது, வெள்ளை ஆபத்து. பிளக் மாற்றும்போது ஒரு குழப்பம்: என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான பிளக். எண்ணை மட்டும் பார்த்து மாற்றி வாங்கினால் எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள்.

ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுத்து திறக்கணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஒன்றரையில் ஆரம்பியுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மெல்லத் திருப்பி, ஐடிலிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, பிறகு ஐடில் ஸ்க்ரூவில் ஆர்பிஎம்மைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டரைச் சுற்றுக்கு மேல் திறந்தால்தான் நன்றாக இருக்கிறது என்றால் பைலட் ஜெட் பெரிது. ஒரு சுற்றுக்குள் மூடவேண்டியிருந்தால் ஜெட் சிறிது, அல்லது மேலே சொன்ன ஏர் லீக்.

மாற்றிப் போட்ட கார்ப்ரேட்டர் என்றால் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, திறந்தால் லீன். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, திறந்தால் ரிச்.

போர்ட்டிங் பண்ணினதுக்கப்புறம் லோ பிக்கப்பே இல்ல மச்சா. ஹைல மட்டும் சும்மா பறக்குது. எதை சரி பண்றது?

எதையும் சரிசெய்ய முடியாது, இது கோளாறே இல்லை. போர்ட்டிங் என்றால் போர்ட்டை அரைத்துப் பெரிதாக்குவது. எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே ஏற்றினால் பிஸ்டன் கீழே இறங்கும்போது சீக்கிரமே திறந்துகொள்ளும், கீழ் ஆர்பிஎம்மில் தள்ளவேண்டிய அழுத்தம் வெளியே போய்விடும். மேலே கிடைக்கிற பலம் கீழே கொடுத்து வாங்கியதுதான். பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டினால் சிக்னலில் கிளம்புவது கொஞ்சம் எளிதாகும். அரைத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, வேறு பேரல்தான் வழி.

போர்ட்டை அகலப்படுத்தியிருந்தால் அளந்து பாருங்கள். போரின் விட்டத்தில் 65 சதவீதத்தைத் தாண்டினால் ரிங் வெளியே பிதுங்கி மாட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. அப்புறம், ஹைவேஸில் ரேஸ் ஓட்டாத ஒருவருக்கு சிட்டி வண்டியில் போர்ட்டிங் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஹெட்டை ஷேவ் பண்ணி கம்ப்ரஷன் ஏத்தினோம். லோடு ஏறினா டிக் டிக்னு சத்தம் வருது.

நாக்கிங். கலவை வரிசையாக எரியாமல் ஒரு மூலையில் தானாக வெடிக்கிறது. இதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

ஸ்குவிஷ் இடைவெளியை (பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது) அளங்கள்: மெல்லிய சால்டரிங் ஈயத்தைப் பிஸ்டன் பின் இருக்கிற திசையில் இரண்டு ஓரத்திலும் வைத்து, ஹெட்டை இறுக்கி, கிக்கரால் மெதுவாக ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய ஈயத்தை வெர்னியரில் பாருங்கள். 1 மி.மீ.க்குக் கீழே போகவேண்டாம். அதே நேரம் ஹெட்டின் ஓரக் கோணம் பிஸ்டன் தலையோடு ஒத்துப்போகவேண்டும், வெறுமனே தட்டையாகச் சீவித் தள்ளினால் கம்ப்ரஷன் ஏறும், எரிகிற விதம் கெடும். தற்காலிகத்துக்கு அடியில் கொஞ்சம் தடித்த பேக்கிங் போடலாம், ஆனால் அது பேரலையே தூக்கும், போர்ட் நேரமும் மாறும். அதற்கு முன்னால் டைமிங்கைப் பார்த்துவிடுங்கள்.

டைமிங் எப்படிச் செட் பண்றது? மெக்கானிக் கண்ணாலேயே பார்த்து வைக்கிறாரே?

அனுபவம் உள்ளவர் கிட்டத்தட்ட வைத்துவிடுவார், ஸ்டாக் எஞ்சினுக்கு அது போதும். கம்ப்ரஷன் ஏற்றிய எஞ்சினுக்குப் போதாது. பிளக் ஓட்டையில் டயல் கேஜ் மாட்டி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 1.8 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்கவேண்டும், ஆர்எக்ஸ் 100க்கு இதுதான் அளவு. திறக்கிற நொடியை மல்டிமீட்டரில் பார்க்கலாம். பாயின்ட்டின் குதி தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் தாமதமாகும், அதனால்தான் சில மாதத்தில் வண்டி தானாகவே மந்தமாகிறது. பாயின்ட்டுக்குப் பதில் சிடிஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) மாற்றிப் போட்டிருந்தால் அந்த செட்டுக்குச் சொன்ன குறியைப் பின்பற்றுங்கள், பழைய குறி செல்லாது.

நல்லா போயிட்டிருந்து கொஞ்ச தூரத்துல பெட்ரோல் தீர்ந்த மாதிரி நின்னுடுது. நின்னு கொஞ்ச நேரத்துல திரும்ப ஓடுது.

டேங்க் மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே போகிறதா? மூடியின் காற்றுத் துளை அடைப்பு. இல்லையென்றால் பெட்ரோல் டேப் வலையில் துரு. இரண்டும் சுத்தம் என்றால், சூடானதும் நின்று ஆறியதும் ஓடுவது கன்டன்சர் அல்லது காயிலின் குணம். நின்றவுடனே பொறி இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

தம்பி, இந்த இ20 பெட்ரோல் வந்ததிலிருந்துதான் என் வண்டி சரியில்ல. அதுதான் காரணமா?

முழுக் காரணம் இல்லை ஐயா, ஆனால் பங்கு உண்டு. இ20 அறிமுகமானதே நம் ஊரில்தான், 2023 பிப்ரவரி 6ஆம் தேதி. ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். இருபது சதவீதம் எத்தனால் கலந்தால் அது 13.5 பக்கம் வருகிறது. அதாவது பழைய ஜெட்டே இருந்தாலும் கலவை தானாகவே கொஞ்சம் லீன் ஆகிவிடும். ஏற்கெனவே கோன் ஃபில்டர், புது சைலன்ஸர் என்று லீன் ஓரத்தில் நிற்கிற எஞ்சினுக்கு அது போதும். மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டி, மேலே சொன்ன மாதிரி பிளக் பாருங்கள்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரையும் ஊதவைக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கையும் கார்ப்ரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

டேங்க்லயே ஆயில் கலந்து ஓட்டுறேன், பம்பை எடுத்தாச்சு. ஆயில் கூடுதலா ஊத்தினா எஞ்சினுக்குப் பாதுகாப்புதானே?

ஒரு அளவுக்கு. ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகிற கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவை லீன் ஆகிறது. லிட்டருக்கு 30 முதல் 40 மில்லிக்குள் ஏதாவது ஒன்றை முடிவு செய்து, அதை வைத்து ஜெட் போட்டு, பிறகு மாற்றாமல் இருங்கள்.

பெங்களூர்ல அருமையா ட்யூன் பண்ணின வண்டி. பொங்கலுக்கு சென்னை ஓட்டிட்டுப் போனேன், வழியில ஜாம். ஏன்?

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே காற்றழுத்தம் சென்னையை விட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஓசூர் வரை பெரிய மாற்றம் தெரியாது, கிருஷ்ணகிரி தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர் என்று இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகும், ஜெட் அதே ஜெட், கலவை லீன். அதோடு ஹைவேயில் மணிக்கணக்கில் ஒரே ஆக்சிலேட்டர். சிட்டியில் அந்த மெயின் ஜெட் வேலையே செய்திருக்காது, ட்யூனிங் சரியா தப்பா என்று அதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

கிளம்பும் முன் மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டுங்கள், நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு கியரிலேயே உருளாதீர்கள், அப்போது எஞ்சின் சுற்றும், ஆயில் மட்டும் குறைவாகத்தான் போகும். சென்னையில் ட்யூன் செய்து இங்கே கொண்டு வந்தால் நேர் எதிர், ரிச்சாக இழுக்கும், ஆனால் அது எஞ்சினைக் கொல்லாது.

100 கேஸ்ல 135 பேரல் போட்டா வைப்ரேஷன் வருது, ஆர்சி பிரச்சினை வருமா?

100இல் போர் 50 மி.மீ., 135இல் 58. கேஸின் வாயைக் குடைந்தால்தான் பேரல் உள்ளே இறங்கும், குடையும்போது வாய் ஓரம் மெலிந்து போனாலோ பேக்கிங் உட்காரும் இடம் மேடு பள்ளமானாலோ அங்கேயே ஏர் லீக். பிஸ்டன் எடை மாறுகிறது, கிராங்க்கின் சமநிலை பழைய பிஸ்டனுக்குப் போட்டது, அதனால் கொஞ்சம் அதிர்வு வரத்தான் செய்யும்.

ஆர்சி விஷயத்தில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. சிசி அதில் ஒன்று.

என்னோடது ஃபோர் ஸ்ட்ரோக். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

ஏர் லீக், டைமிங், கார்ப்ரேட்டர் என்கிற வரிசை பொருந்தும். ஆனால் உங்களுக்கு முதல் சந்தேகம் டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறதா என்பது, அடுத்தது டாப்பெட் இடைவெளி, மூன்றாவது வால்வு சீட். ஹெட்டைத் தனியாகக் கவிழ்த்துப் பெட்ரோல் ஊற்றி, போர்ட் வழியாகக் கசிகிறதா என்று பார்த்தாலே வால்வு வேலை எப்படி நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். புகை பற்றிச் சொன்னது மட்டும் உங்களுக்குச் செல்லாது, ஃபோர் ஸ்ட்ரோக்கில் புகை என்றால் ரிங் அல்லது வால்வு சீல்.

எல்லாமே பார்த்தாச்சு. லீக் இல்ல, டைமிங் சரி, ஜெட் சரி. இன்னும் ஒரு நடுக்கம், ஒரு மந்தம். இனி என்ன?

கிராங்க். கன்ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற தண்டு) கிட் மாற்றியிருந்தால் கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரித்துத் திரும்ப அழுத்தியிருப்பார்கள், அதன் பிறகு இரண்டு சென்டருக்கு நடுவில் வைத்து டயல் கேஜில் நேர் பார்க்கவேண்டும், ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். பித்தளைச் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்குகிற பொறுமையான வேலை அது, அவசரத்தில் இருக்கிற லேத்தில் நடக்காது. கோணலாக இருந்தால் மேக்னெட் பக்கத்துக் கிராங்க் முனை ஆடும், பாயின்ட் இடைவெளியும் டைமிங்கும் ஒழுங்காக நிற்காது. ஆயில் சீலும் ஆட்டத்தில் சீக்கிரம் தேய்ந்து, நீங்கள் அடைத்த ஏர் லீக் திரும்ப வரும்.

மேக்னெட்டைக் கழற்றி, கிராங்க் முனையில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் கேஸைப் பிரிக்காமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஆட்டம் கூடுதலாக இருந்தால் பிரிக்கத்தான் வேண்டும். பிரித்த கையோடு இரண்டு பேரிங், இரண்டு சீல் எல்லாம் புதிதாகப் போடுங்கள். போன தடவை போட்டதுதானே, புதுசுதானே என்று பழைய சீலையே திரும்ப ஏற்ற விடாதீர்கள்.